வீட்டு லைட் அலங்காரத்தால ஓட்டிசப் பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கிறது: வயரிங், நேரம், கணக்கு எப்பிடி? (உப்புவெளி, திருகோணமலை)

மதிலோரம்_உப்புவெளி

வணக்கம். நிலாவெளி வீதியை ஒட்டின வீடு. றோட்டுப் பக்கம் 40 அடி மதில், 12 அடி இரும்புப் படலை, வளவுக்குள்ள ஒரு மாமரம், முன் தாழ்வாரம் தகரம். கடல் நடை தூரம்தான். தீபாவளியில தொடங்கித் தைப்பொங்கல் வரைக்கும் லைட் போட்டு, பார்க்க வாற சனத்திட்ட ஓட்டிசம் (மதியிறுக்கம்) உள்ள பிள்ளைகளின்ர தேவைக்கு எண்டு காசு சேர்க்கலாம் எண்டு வீட்டில யோசிக்கிறம். வெளிநாடுகளில நத்தார் காலத்தில இப்பிடிச் செய்யிற வீடுகள் நிறைய இருக்கு.

கேள்வி நாலு. கடைகளில தொங்குற 230 வோல்ட் கலர் பல்ப் கோர்வையளை வெளியில போடலாமா? கரண்ட் பில் எவ்வளவு கூடும்? ஓட்டிசப் பிள்ளைகளே பார்க்க வந்தால் என்ன கவனிக்க வேணும்? காசை ஆருடைய கணக்கில வாங்கி, ஆரிட்டக் குடுக்கிறது? நீல நிறத்தில முழு வீட்டையும் போடச் சொல்லி ஒருத்தர் சொல்லுறார், அதுவும் சரியோ தெரியேல்லை.

வயர்_அண்ணை

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: போடாதேங்கோ. அந்த மலிவுக் கோர்வையளில எல்இடி எல்லாம் வரிசையாக் கோத்து நேரா 230 வோல்டில ஓடும். வயர் நூல் மாதிரி மெல்லிசு, தோலும் ஒற்றைத் தோல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூண்டும் எங்களுக்கு வடகீழ் பருவமழை மாதம். தகரத் தாழ்வாரமும் இரும்புப் படலையும் இருக்கிற வீட்டில அந்த வயர் ஒரு இடத்தில தோல் கிழிஞ்சு தகரத்தில முட்டினால் முழுத் தகரத்துக்கும் கரண்ட் வரும். படலையைப் பிடிக்கப் போறது பிள்ளைகள்.

வாங்க வேண்டியது அடப்டரோட வாற கோர்வை. 12, 24 அல்லது 31 வோல்ட் எண்டு அடப்டரில அடிச்சிருக்கும். அடப்டர் வீட்டுக்குள்ள, குறைஞ்ச வோல்ட் வயர் மட்டும் ஜன்னலால வெளியில. வெளியில போடுறதுக்குப் பெட்டியில தண்ணி, தூசி தாங்கிற அளவைக் காட்டுற ஐபி இலக்கம் ஐபி44 எண்டாவது இருக்க வேணும், ஐபி65 நல்லது. இலக்கம் இல்லாத பெட்டியை உள் வீட்டுச் சாமானாக் கணக்கெடுங்கோ.

பிளக் போட் வீட்டுக்குள்ள எண்டாலும், கரண்ட் கசிஞ்சால் தானா விழுற ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் 30 மில்லி அம்பியர். பழைய வீடுகள் சிலதில 100 போட்டிருப்பினம், அது நெருப்புக்குக் காவல், ஆளுக்குக் காவலில்லை. மூடியைப் பார்த்தால் 0.03 ஏ எண்டு எழுதியிருக்கும். லைட் போட முதல் அதில இருக்கிற 'ரி' எண்ட சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கோ. விழாட்டி மாத்திப் போட்டுத்தான் மற்ற வேலை.

மழை நாளில ட்ரிப் விழுறது வழமை. காரணம் பெரும்பாலும் ஒரு பெரிய பழுது இல்லை, சின்னச் சின்னக் கசிவுகள் கூடிப் போறது. ஒவ்வொரு அடப்டரும் தன்பாட்டுக்குக் கொஞ்சம் கசிய விடும், பிரிட்ஜ் ஒரு பங்கு, தண்ணிப் பம்ப் ஒரு பங்கு. 30 எண்டு போட்டிருக்கிற சுவிட்ச் 15க்கு மேல எங்கயும் விழலாம். எல்லாத்தையும் கழட்டி, ஒவ்வொண்டாப் போட்டுப் பாருங்கோ. எது போட்டவுடன விழுதோ அது காயும் வரைக்கும் வெளியில. சிலர் ட்ரிப்பை விட்டிட்டு நேரா மெயினில இருந்து வயர் எடுப்பினம். அப்பிடி ஒருத்தர் சொன்னால் அந்த ஆளை வேலைக்கு வைக்காதேங்கோ.

இணைப்புகளைப் பற்றி. மழைக்குப் பயந்து எல்லாரும் இணைப்பைச் சுத்திக் கறுப்பு ரேப் ஒட்டுவினம். அது தண்ணியை வெளியில விடாமல் உள்ளுக்கே பிடிச்சு வைக்கும். கடல் காத்தில உள்ள உப்பும் சேர்ந்து ரெண்டு கிழமையில செம்பு பச்சையாகிப் பொருந்தாமல் போகும். இணைப்பை நிலத்தில விடாமல் ஒரு அடி உயரத்தில, வாய் கீழ பார்க்கத் தொங்க விடுங்கோ. இணைப்புக்குள்ள இருக்கிற ஊசிகளுக்கு சிலிக்கோன் கிறீஸ் ஒரு துளி. வயர் சுவருக்குள்ள போற இடத்தில ஒரு வளைவு கீழ தொங்க வேணும், தண்ணி அந்த வளைவில சொட்டட்டும், துவாரத்துக்குள்ள ஓடக்கூடாது.

அளவு. 40 அடி மதில் எண்டால் 12 மீற்றர் சொச்சம். மூண்டு வரி ஓடினால் 37 மீற்றர், 10 மீற்றர்க் கோர்வை நாலு. மாமரத்தில கொப்புகளுக்குப் போகாதேங்கோ. காத்துக்குக் கொப்பு ஆட வயர் அறும், அணில் கடிக்கும், ஏறி எடுக்கிறதும் கரைச்சல். அடிமரம் போதும்: சுற்றளவு 3 அடி, உயரம் 7 அடி, அரை அடிக்கு ஒரு சுத்து எண்டால் 14 சுத்து, 42 அடி, அதாவது 13 மீற்றர். ஆணி வேண்டாம், கறுப்பு பிளாஸ்ரிக் கட்டுநாடா பாவியுங்கோ. வெள்ளை நாடா வெயிலுக்கு ஒரு பருவத்திலயே நொருங்கும்.

எல்இடி பட்டி ஒட்டுறதெண்டால் வேற கணக்கு. 12 வோல்ட், மீற்றருக்கு 60 மணி (எல்இடி) உள்ள 5050 பட்டி 5 மீற்றர் 72 வொட் வரை இழுக்கும், 6 அம்பியர். அடப்டரை வீட்டுக்குள்ள வச்சு 20 மீற்றர் தள்ளி மதிலுக்கு 1/1.13 (1 சதுர மில்லிமீற்றர்) வயர் இழுத்தால், போக வர 40 மீற்றர், நாலு வோல்டுக்கு மேல வயரிலயே போயிடும். மதிலில மங்கலா, மஞ்சளா எரியும், பட்டி பழுது எண்டு கடைக்காரரோட சண்டை பிடிப்பியள். அதை விடத் தடிச்ச 7/0.67 (2.5 சதுர மில்லிமீற்றர்) இழுத்தாலும் ஒண்டே முக்கால் வோல்ட் போகும். 24 வோல்ட் பட்டி வாங்குங்கோ, அல்லது மின்வழங்கியை (பட்டிக்குக் கரண்ட் குடுக்கிற அடப்டரை)த் தாழ்வாரத்துக்குக் கீழ கிட்டக் கொண்டு வாங்கோ. கிட்டக் கொண்டு வந்தால் பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள, காத்துத் துவாரம் அடிப்பக்கம், அதில சின்னக் கண்ணி வலை. வலை இல்லாட்டிப் பல்லி உள்ளுக்குப் போய்ப் படுக்கும், சூடு அதுக்குப் பிடிக்கும். பிறகு பல்லியும் மின்வழங்கியும் ஒண்டாப் போகும். தகர உடம்புள்ள மின்வழங்கிக்கு எர்த் வயர் கட்டாயம். 10 அம்பியர் எண்டு எழுதியிருந்தால் 8க்கு மேல ஏத்தாதேங்கோ.

பில்: மொத்தம் 200 வொட் எண்டு வைப்பம். நாளுக்கு 4 மணித்தியாலம், 0.8 யூனிட். 20 நாளுக்கு 16 யூனிட். கேக்கச் சின்னன். ஆனால் மின்சார சபையின்ர வீட்டுக் கட்டணம் படிப்படியானது. மாதம் 60 யூனிட்டுக்குள்ள நிக்கிற வீட்டுக்கு ஒரு முறை, 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டில இருந்தே வேற முறை, நிலையான கட்டணமும் ஏறும். உங்கட வழமையான பில் 50 சொச்சமெண்டால் அந்த 16 யூனிட் பெரிசாக் கடிக்கும். ஏற்கெனவே 100இல நிக்கிறியள் எண்டால் அவ்வளவு தெரியாது, 120, 180 எண்ட படிகளை மட்டும் பாருங்கோ. போன வருசத்து கார்த்திகை, மார்கழி பில்லை எடுத்து வச்சுக் கணக்குப் போடுங்கோ.

கடைசியா ஒண்டு. சபையின்ர கம்பத்தில ஒரு முடிச்சும் போடக்கூடாது, றோட்டுக்குக் குறுக்கால வயர் கட்டக்கூடாது.

விசேடகல்வி_ரீச்சர்

வயர் அண்ணை சொன்னதோட இன்னொண்டு சேர்க்கிறேன், ஏனெண்டால் இதுதான் பெரும்பாலும் தவறுது. எட்டு முறை மாறுற கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள கோர்வையளில நீங்கள் பொத்தானை அமத்தி "ஒரே நிலையா எரியிற" முறைக்கு வச்சிருப்பியள். கரண்ட் போய்ட்டு வந்தால் பல பெட்டிகள் முதலாவது முறைக்குத் திரும்பிடும். அது எல்லா முறையையும் மாறி மாறிக் காட்டும், வேகமா வெட்டி வெட்டி எரியிறதும் அதுக்குள்ள இருக்கு. மழை நாளில கரண்ட் போறது எங்களுக்குப் புதுசில்லை. ஆகவே கடையிலயே பிளக்கைக் கழட்டிப் போட்டுப் பார்த்து வாங்குங்கோ, அல்லது பெட்டியே இல்லாத, நிலையா மட்டும் எரியிற சாமானை வாங்குங்கோ.

ஏன் இவ்வளவு சொல்லுறேன் எண்டால், வலிப்பு நோய் ஓட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களை விடக் கூடுதலாக் காணப்படுது. வெளிச்சத்தால வலிப்பு வரக்கூடிய ஒரு பகுதியினருக்கு நொடிக்கு 3 தொடக்கம் 30 தடவை வெட்டுற வெளிச்சம் ஆபத்து, சிவப்பு இன்னும் மோசம். இணையப் பக்கங்களுக்கே நொடிக்கு மூண்டுக்கு மேல வெட்டக்கூடாது எண்டு நியமம் இருக்கு. வீட்டு மதிலுக்கும் அதையே எடுங்கோ. நிறம் மாற வேணுமெண்டால் ஒரு நிறத்தில இருந்து மற்றதுக்கு நாலைஞ்சு நொடி எடுத்து மெல்லக் கரைய விடுங்கோ. குளிர்ந்த வெள்ளையை விட மஞ்சள் சாய்ந்த வெள்ளை, 2700 தொடக்கம் 3000 கெல்வின் எண்டு பெட்டியில இருக்கும், கண்ணுக்கு இதமானது.

வலிப்பை விட்டாலும் புலன் உணர்வு எண்டு ஒண்டு இருக்கு. ஒரு பிள்ளைக்கு லைட் விருப்பம், மணித்தியாலக் கணக்காப் பார்க்கும். இன்னொரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில இருந்திடும். அது லைட்டாலயா, ஸ்பீக்கராலயா, சனத்தாலயா எண்டு வெளியில நிக்கிற ஆளுக்குத் தெரியாது. எல்லாருக்கும் பொருந்துற ஒரு அலங்காரம் இல்லை. அதனால நேரத்தைப் பிரிக்கிறதுதான் வழி.

மார்கழியில ஆறு மணிக்கு முன்னமே இருட்டத் தொடங்கிடும். 6.00 தொடக்கம் 7.00 வரை அமைதி நேரம் எண்டு வையுங்கோ. பாட்டு இல்லை, வெளிச்சம் பாதிக்குக் கீழ, அரை மணிக்கு நாலு குடும்பத்துக்கு மேல இல்லை. பெற்றோர் வட்ஸ்அப்பில முன்கூட்டி நேரம் எடுக்கட்டும். நேரம் எடுக்கிறவைக்கு வீட்டின்ர நாலு படம் முதலே அனுப்புங்கோ: படலை, நடைபாதை, மாமரம், திரும்பி வாற வழி. பகலில எடுத்த படமும் இரவில எடுத்த படமும். பிள்ளை என்ன வரப்போகுது எண்டு தெரிஞ்சு வரும். இதுக்குச் செலவு ஒரு சதமும் இல்லை, பலன் லைட்டை விடப் பெரிசு.

படலை. உங்கட வீட்டுக்கு முன்னால பஸ் ஓடுற றோட்டு, பின்னால கடல். திடீரெண்டு ஓடுற பிள்ளைகள் இருக்கினம், தண்ணியை நோக்கி ஓடுறது அதிகம். அமைதி நேரத்தில படலை சாத்தி, ஒரு ஆள் படலையடியிலயே நிக்க வேணும். அவருக்கு வேற வேலை குடுக்கக்கூடாது, உண்டியல் பார்க்கிற வேலையும் கூடாது. கொண்டி பெரியாள் உயரத்தில இருக்கட்டும். பின் வளவால கடற்கரைக்குப் போற வழி இருந்தால் அதையும் பூட்டுங்கோ.

வெடி. தீபாவளி இரவு, நத்தார் இரவு, டிசம்பர் 31, இந்த மூண்டிலயும் உங்கட வீட்டில வெடி இல்லாட்டியும் அயலில வெடிக்கும். அந்த நாட்களில அமைதி நேரம் வைக்காதேங்கோ. காதுக்குப் போடுற சத்தம் குறைக்கும் மூடி மூண்டு வாங்கி வச்சிருங்கோ, துடைக்கக்கூடிய ரெக்சின் உறையோட. இரவல் குடுத்து வாங்குறதுக்கு அது காணும்.

நீலம் பற்றிக் கேட்டியள். ஏப்ரல் 2 உலக ஓட்டிச விழிப்புணர்வு நாள், ஐ.நா. 2007இல தீர்மானிச்சு 2008இல இருந்து நடக்குது. நீல வெளிச்சம் 2010இல ஓட்டிசம் ஸ்பீக்ஸ் எண்ட அமெரிக்க அமைப்பு தொடங்கின இயக்கம். ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் கனபேர் அதை ஏற்கிறதில்லை, ஓட்டிசத்துக்கு எண்டு போடுற புதிர்த் துண்டு அடையாளத்தையும் விரும்புறதில்லை, தங்களை ஒரு குறையாக் காட்டுது எண்டு. அவையள் விரும்புறது முடிவிலிக் குறி, வானவில் நிறத்தில அல்லது பொன் நிறத்தில. நடைமுறையாப் பார்த்தாலும் நீல எல்இடி ஈரக் காத்தில கண்ணைக் கூசும். மஞ்சள் வெள்ளை லைட்டில ஒரு முடிவிலிக் குறி வளைச்சு மதிலில வச்சால் உங்கட காரியம் முடிஞ்சுது.

அறிவிப்புப் பலகையில "93 பிள்ளையில ஒண்டுக்கு ஓட்டிசம்" எண்டு எழுதச் சொல்லுவினம். அந்தக் கணக்கு 2009இல வெளியான ஆய்வொண்டு, ஒரு சிறிய பிரதேசத்தில 18 தொடக்கம் 24 மாதப் பிள்ளைகளை மட்டும் பார்த்தது. முழு நாட்டுக் கணக்காப் போடாதேங்கோ. எந்தப் பிள்ளையின்ர படமும் பெயரும் போடாதேங்கோ, பெற்றோர் சம்மதிச்சாலும். திருகோணமலை சின்ன ஊர்.

பிக்சல்_பொடியன்

ஒவ்வொரு மணியும் தனித்தனியா நிறம் மாறுற பிக்சல் ஆசை இருந்தால், ரீச்சர் சொன்ன கரண்ட் போய் வாற பிரச்சினைக்கும் அதிலதான் சரியான தீர்வு இருக்கு. ஈஎஸ்பி32 எண்ட வைபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் போட் ஒண்டு, அதில டபிள்யூஎல்இடி எண்ட இலவச மென்பொருள். ஒரு அமைதிக் காட்சியை முதலாவதாச் சேமிச்சு, "கரண்ட் வந்தவுடன இதைப் போடு" எண்டு அமைப்பில குறிச்சு விடுங்க. எத்தனை தரம் கரண்ட் போனாலும் அதுவே வரும். வெளிச்ச அளவுக்கும் மின்னோட்டத்துக்கும் உச்ச வரம்பு வைக்கலாம். 6 மணிக்கு அமைதிக் காட்சி, 7க்கு மற்றது, 10க்கு நிப்பாட்டு எண்டு நேரமும் போடலாம், ஆனா போட்டுக்கு வைபை கிடைச்சாத்தான் நேரம் சரியா எடுக்கும்.

மணி 12 வோல்ட் டபிள்யூஎஸ்2811 வாங்குங்க, 50 மணிக் கோர்வை. முழு வெள்ளையில கோர்வைக்கு ஏறக்குறைய 2.5 அம்பியர், 30 வீத வெளிச்சத்தில ஒரு அம்பியருக்குள்ள நிக்கும். 30 வீதமே றோட்டில இருந்து நல்லாத் தெரியும், அதுக்கு மேல ஏத்துறது பில்லுக்குத்தான். 100 மணிக்கு ஒருக்கா புதுசா 12 வோல்ட் குடுக்க வேணும், இல்லாட்டிக் கடைசி மணியள் வெள்ளைக்குப் பதிலாச் சிவந்து போகும். 5 வோல்ட் மணி வாங்கினா அதை 50க்கு ஒருக்காச் செய்ய வேண்டி வரும்.

முதல் மணியே கண்டபடி மினுக்கினா மணி பழுதெண்டு நினைக்காதீங்க. போட்டில இருந்து வாற சைகை 3.3 வோல்ட், மணி எதிர்பார்க்கிறது 5. இடையில சைகையை 5 வோல்டுக்கு உயர்த்துற 74ஏஎச்சிரி125 போல ஒரு சிப் போட்டு, முதல் மணிக்குள்ள தூரத்தை மூண்டு மீற்றருக்குள்ள வையுங்க. மின்வழங்கியின்ர நெகட்டிவ்வும் போட்டின்ர நெகட்டிவ்வும் ஒண்டாச் சேர்ந்திருக்க வேணும். ஆக்கள் விடுற தவறில முக்கால்வாசி அதுதான். இதில கட்டாயம் கவனிக்க வேண்டியதும் ஒண்டு: பழுதான சைகையில கண்டபடி மினுக்கிறது ரீச்சர் சொன்ன அந்த ஆபத்தான வெட்டுதான். அப்பிடி ஏதும் தொடங்கினா திருத்தப் பார்க்காம முதல்ல மெயின் சுவிட்ச்.

நடைபாதை ஓரத்துக்கு வளைவு செய்யிறது சுகம். அரை அங்குல பிவிசி குழாய் 4 மீற்றர் நீளத்தில வரும். 2 அடிக் கம்பித் துண்டு ரெண்டை, பாதி மண்ணுக்குள்ள போக எட்டடி இடைவெளியில அடிச்சு, குழாயை வளைச்சு மேல சொருகினா நாலடி உயர வளைவு. அஞ்சு வளைவு, வளைவுக்கு 50 மணி. உப்புவெளி மணலில ஒரு அடி காணாது, கம்பியை 3 அடியா வெட்டி ரெண்டடி இறக்குங்க. கம்பி முனை மேல தெரியாம குழாய் முழுக்க மூடியிருக்க வேணும்.

பாட்டோட லைட் ஆட வைக்கிறது வெளிநாட்டில எப்எம் பரப்பியால செய்யிறாங்க, காருக்குள்ள இருந்து கேக்கிற மாதிரி. இங்க அதுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின்ர அனுமதி வேணும், சின்னப் பரப்பி எண்டாலும் தொடாதீங்க.

கணக்குப்_புத்தகம்

காசு விசயத்தை ஆரும் தொடேல்லை. தம்பி, உங்கட சொந்தக் கணக்கில ஒரு ரூபாவும் வாங்காதேங்கோ. கணக்குக் காட்டினாலும் நம்பாத சனம் இருக்கும், காட்டாட்டி எல்லாரும் நம்பாது. புதுசா ஒரு அமைப்புப் பதியப் போனால் இந்த வருசத் தீபாவளி போயிடும். பதிவுள்ள ஒரு சங்கத்தைப் பிடியுங்கோ: கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் அல்லது தேவாலய நிர்வாகம், பழைய மாணவர் சங்கம். கூட்டக் குறிப்பில மூண்டு விசயம் எழுதுவியுங்கோ: எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரை, எதுக்கு, மிச்சம் வந்தால் என்ன செய்யிறது. மூண்டாவதை எல்லாரும் மறப்பினம், சண்டை வாறதும் அதிலதான்.

போனால ஸ்கான் பண்ணிக் காசு அனுப்புற லங்காகியூஆர் அட்டை சங்கத்தின்ர பெயரில வங்கியால எடுக்கலாம். உடன கிடைக்காது, ஒரு மாதம் முன்னமே கேளுங்கோ. அட்டையை லமினேற் பண்ணி மதிலில ஒட்டிப்போட்டு விட்டிட்டுப் போகாதேங்கோ. மேல வேற ஸ்ரிக்கர் ஒட்டிக் காசைத் தன்ர கணக்குக்குத் திருப்பிற வேலை எங்கயும் நடக்கும். ஒவ்வொரு பின்னேரமும் லைட் போட முதல் உங்கட போனாலயே அடிச்சு, சங்கத்தின்ர பெயர் வருதா எண்டு பாருங்கோ. இரவில அட்டையைக் கழட்டி உள்ளுக்கு.

உண்டியல் கண்ணாடி பிளாஸ்ரிக்கில, மேசையோட திருகாணி போட்டு இறுக்கி, பூட்டு ரெண்டு, திறப்பு ரெண்டு பேரிட்ட. ரெண்டு பேரும் வேற வேற வீட்டுக்காரரா இருக்க வேணும். அண்டிரவே எண்ணி, நோட்டு வாரியா எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து. அடுத்த வேலைநாள் வங்கியில. 1000 ரூபாவுக்கு மேல குடுக்கிற ஆளுக்குப் பற்றுச்சீட்டு, இலக்கம் அடிச்ச புத்தகத்தில. அமைதி நேரத்தில உண்டியலை வெளியில வைக்காதேங்கோ, பிள்ளையோட வாற தாய் தகப்பனிட்ட ஆரும் காசு எதிர்பார்க்கக்கூடாது. அதிர்ஷ்டச் சீட்டு விக்கிற யோசனை வந்தால் விடுங்கோ, லொத்தருக்குத் தனிச் சட்டம் இருக்கு. வெளிநாட்டில இருக்கிற சொந்தம் பெரிய தொகை அனுப்ப வெளிக்கிட்டால் முதல் வங்கி முகாமையாளரோட கதைச்சு எழுத்தில வாங்கிப்போட்டு எடுங்கோ.

லைட் வாங்கின காசு, கரண்ட் பில், ரெண்டும் உங்கட கையால. சேருற காசில இருந்து கழிக்கக்கூடாது. கழிக்காமல் விட்டால் பலகையில "முழுத் தொகையும்" எண்டு எழுதலாம், அந்த ஒரு சொல்லுக்கே சனம் குடுக்கும்.

எதுக்குக் குடுக்கிறது எண்டது முக்கியம். "ஓட்டிசப் பிள்ளைகளுக்கு" எண்டு பொதுவா எழுதாதேங்கோ. ஒரு சாமான், ஒரு எண்ணிக்கை, ஒரு இடம். அரச பாடசாலை விசேட கல்வி அலகுக்கு வாங்கிக் குடுக்கிறதெண்டால் அதிபரிட்ட எழுத்தில தேவைப் பட்டியல் எடுத்து, சாமானாக் குடுத்து, பாடசாலைப் பொருட்பதிவேட்டில ஏத்துவியுங்கோ. குடும்பங்களுக்கு எண்டால் பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார், அவரிட்டப் போங்கோ. வீட்டுக்கு வந்து கேக்கிற ஆளுக்குக் கையில குடுக்கிற வழக்கம் தொடங்கினால் முடியாது.

விசேடகல்வி_ரீச்சர்

ஐயா சொன்ன "ஒரு சாமான்" எண்டதுக்கு நான் ரெண்டு சொல்லுறேன்.

ஒண்டு, பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பட அட்டை. ஒரு தொகுதிக்கு 60 அட்டை, 9 சென்ரிமீற்றர் சதுரம். ஏ4 தாளில ஆறு வரும், பத்துத் தாள். முதல் அட்டையை வெட்டி, பிறகு ஏ4 லமினேற் உறைக்குள்ள ஆறையும் இடைவெளி விட்டு அடுக்கி ஓட்ட வேணும், உறையும் பத்து. தாளோட சேர்த்து ஓட்டிப்போட்டு வெட்டினால் ஓரம் திறந்து, எங்கட ஈரக் காத்துக்கு ஒரு மாதத்தில தாள் ஊறி இளகும். சுத்திவர அஞ்சு மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் ஓரம் விட்டு வெட்டி, மூலையை வட்டமாக்குங்கோ, கூர் மூலை கண்ணில குத்தும். உறை 125 மைக்ரோன், அதுக்கு மெல்லிசு வளையும், பிள்ளை கடிச்சால் கிழியும். பின்னுக்கு வெல்க்ரோ. படம் எங்கட வீட்டுச் சாமானா இருக்க வேணும்: சோத்துக் கோப்பை, செருப்பு, கிணத்தடி, ஓட்டோ. இணையத்தில இருந்து எடுக்கிற படத்தில குளிர்காலக் கோட்டும் சான்ட்விச்சும் இருக்கும், பிள்ளைக்கு அது ஒண்டும் இல்லை. "போதும்", "சத்தம் கூட", "இன்னும் தா", "நோகுது", இந்த நாலும் கட்டாயம்.

ரெண்டு, பயணச் செலவு. பேச்சு, செயல்வழிச் சிகிச்சைக்காரர், அதுவும் தமிழில வேலை செய்யிற ஆக்கள், நாட்டில குறைவு. கொழும்புக்கு அல்லது ராகமைக்குப் போறதெண்டால் 250 கிலோமீற்றர் அளவு, ஒரு பிள்ளையோட ரெண்டு பேர், சில நேரம் தங்க வேணும். ஒரு தரம் போய் வாற செலவு சின்னனாத் தெரியும், சிகிச்சை ஒரு தரத்தில முடியிற விசயமில்லை. அதனால பத்துக் குடும்பத்துக்கு ஒரு பயணம் எண்டு பிரிக்காமல், ரெண்டு குடும்பத்துக்குத் தொடர்ச்சியா எண்டு செய்யுங்கோ. பலகையில அழகா இருக்கிறது முதலாவது முறை, பிள்ளைக்கு உதவுறது ரெண்டாவது. ஆருக்கு எண்டதைச் சமூக சேவை உத்தியோகத்தர் தீர்மானிக்கட்டும், வீட்டுக்காரர் தீர்மானிக்கக்கூடாது.

மதிலோரம்_உப்புவெளி

எல்லாருக்கும் நன்றி. வெளியில போடுற சாமான் அடப்டர் வகைதான் எண்டு முடிவு. இன்னும் ரெண்டு சந்தேகம். தீபாவளியில இருந்து பொங்கல் வரைக்கும் ரெண்டு மாதத்துக்கு மேல வருது, மழையோட அது கூடவோ? பொலிசில என்ன சொல்ல வேணும்?

வயர்_அண்ணை

கூடத்தான். நவம்பரும் டிசம்பர் முதல் பாதியும் புயல் காலம். 2020இல புரேவி டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரை கடந்தது. அந்த நேரத்தில மதிலில லைட் தொங்கக்கூடாது. ரெண்டு மாதம் தொங்குற சாமான் உப்பில அடுத்த வருசத்துக்கு மிஞ்சவும் மாட்டாது. டிசம்பர் 20 அளவில கட்டி, தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல முடிய மற்ற நாள் கழட்டுங்கோ. நாலு கிழமைக்குள்ள நிக்கும். கார்த்திகை விளக்கீட்டுக்கு சிட்டி விளக்கே வடிவு. கழட்டினவுடன நல்ல தண்ணியில துணி நனைச்சு வயரைத் துடைச்சு, நிழலில காய விட்டுத்தான் சுருட்ட வேணும்.

கணக்குப்_புத்தகம்

ஏப்ரலையும் யோசியுங்கோ. ஏப்ரல் 2 ஓட்டிச நாள், 14 புத்தாண்டு, இடையில 12 நாள். மழை குறைவு, கடல் அடங்கியிருக்கும், நிலாவெளிப் பக்கம் வெளியூர்ச் சனம் வரத் தொடங்கிற காலம். காரணத்தைத் தனியா விளங்கப்படுத்தவும் தேவையில்லை, திகதியே சொல்லும்.

பொலிசுக்கு: நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம், கிராம உத்தியோகத்தரின்ர சிபாரிசோட. திகதி, நேரம், வாகனம் எங்க நிப்பாட்டுறது, ஸ்பீக்கர் உண்டா இல்லையா. ஸ்பீக்கர் எண்டால் ஒலிபெருக்கி அனுமதி தனியா எடுக்க வேணும், எப்பிடியும் இரவு 10 தொடக்கம் காலை 6 வரை பாவிக்கேலாது. ஸ்பீக்கர் இல்லாமல் செய்தால் கடிதம் பாதியாகும். நிலாவெளி வீதியில இரவு பஸ்ஸும் லொறியும் வேகமா வரும், அதனால வாகனத்தை எதிர்ப்பக்கம் நிப்பாட்டிப் பிள்ளைகளை றோட்டுக் கடக்க விடாதேங்கோ. உங்கட பக்கத்திலயே பக்கத்து வளவு வெறுமையா இருந்தால் சொந்தக்காரரிட்டக் கேளுங்கோ.

பிக்சல்_பொடியன்

ஏப்ரலுக்கு என்ர மனம் ஒத்துக்கொள்ளேல்லை ஐயா. லைட் பார்க்கப் போற மனநிலை சனத்துக்கு நத்தாருக்கும் வெசாக்குக்கும்தான் வரும், புத்தாண்டுக்கு எல்லாரும் கைவிசேசத்திலயும் சொந்தக்காரர் வீட்டிலயும். முதல் வருசம் டிசம்பரில அஞ்சு வளைவும் மதிலும் போட்டுப் பாருங்க. சேர்ந்த தொகையைப் பார்த்துப்போட்டு ஏப்ரலை யோசிக்கலாம். போட்டும் மின்வழங்கியும் அதேதான், காட்சியை மட்டும் மாத்தினா சரி.

விசேடகல்வி_ரீச்சர்

எந்த மாதம் எண்டாலும், சனத்துக்குத் திறக்க முதல் ஒரு பின்னேரம் ஓட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிற ரெண்டு குடும்பத்தைக் கூப்பிட்டு முழுசாப் போட்டுக் காட்டுங்கோ. ஒரு பெரியவர் கிடைச்சால் இன்னும் நல்லது, அவர் வாயால சொல்லுவார். எந்த லைட்டை நிப்பாட்டச் சொல்லினமோ அதை அமைதி நேரப் பட்டியலில இருந்து எடுத்திடுங்கோ. படலைக் கொண்டியையும் அண்டைக்கே அசைச்சுப் பாருங்கோ.